வீட்டுக்கு ஏற்ற தோட்டா

செப்டம்பர் 8, திங்கள்

அப்பாவின் ரிவால்வர் இன்று ஒருவழியாக என் கைக்கு வந்தது. அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அத்தனை நாளும் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, போலீஸ் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்து, டாக்டர் என் கண்ணையும் காதையும் பார்த்து, கடைசியில் லைசென்ஸ் என் பேருக்கு மாறிவிட்டது. கோகிலாமணி, வயது அறுபத்தொன்று, தொழில் விவசாயம், காரணம் தற்காப்பு. ஒட்டியிருக்கிற போட்டோவைப் பார்த்தால் என்னிடமிருந்துதான் மற்றவர்கள் தற்காத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஆடி மாசம் பக்கத்துத் தோட்டத்தில் வயசான புருஷன் பெண்டாட்டியைக் கட்டிப்போட்டு நகையை அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து என் மகள் மைதிலி போனில் ஒரே பாட்டு. "பொங்கலுக்குள்ள ரெண்டு பேரும் கோயமுத்தூர் வந்துருங்கம்மா. அந்தக் காட்டுக்குள்ள தனியா இருக்க வேண்டாம்." அவள் வீடு ஆறாவது மாடி. அங்கே தென்னைமரம் என்றால் பால்கனியில் தொட்டிக்குள் நிற்கிற பொம்மை மரம். என் வீட்டுக்காரர் அங்கே போனால் ஒரு மாசம்கூடத் தாங்க மாட்டார். ஆனைமலை அடிவாரத்தில் பிறந்து, இந்தத் தோப்பில் ஒவ்வொரு மரத்துக்கும் குணம் சொல்லுகிற மனுஷன்.

ஆகையால் நான் மைதிலியிடம் சொல்லிவிட்டேன். "துப்பாக்கி வந்துருச்சு கண்ணு. இனி எவன் வர்றான்னு பாத்துக்கறேன்." பொங்கல் வரை இங்கே பத்திரமாக இருந்து காட்டிவிட்டால் அவள் வாயை அடைத்துவிடலாம்.

ஒரு சின்னச் சிக்கல். அப்பா வைத்திருந்த பழைய தோட்டாவெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. புதிதாக வாங்க வேண்டும். தோட்டா வாங்குவதில் என்ன பெரிய வித்தை இருக்கப் போகிறது?

செப்டம்பர் 11, வியாழன்

இருக்கிறதாம்.

கிழக்குத் தோட்டத்து சுபேதார் ரங்கண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். நம் வீட்டுக்கு ரிவால்வர் வந்தது அவருக்கு எப்படித் தெரியுமோ, பால்காரன் சொல்லியிருப்பான். கட்டிலில் உட்கார்ந்து, மீசையை நீவி, ஒரு மணி நேரம் பிரசங்கம்.

"அக்கா, செம்பு உறை போட்டது இருக்குதல்லொ, அதை வாங்குங்க. செவுத்தையே தொளைச்சுட்டுப் போயிரும்."

"செவுத்துக்கு அந்தப் பக்கம் எம்பட மாடு நிக்குதுங்."

அவர் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "மாட்டை எடம் மாத்திக் கட்டுங்க" என்றார்.

சுபேதார் பட்டாளத்தில் முப்பது வருஷம் இருந்தவர். இருந்தது ரேஷன் ஸ்டோரில் என்று அவர் பெண்சாதியே என்னிடம் சொல்லியிருக்கிறாள். எதிரி உருளைக்கிழங்கு மூட்டை ரூபத்தில் வந்தால் சுபேதார் யோசனையைக் கேட்கலாம்.

இன்று காய் போட ஆள் வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மதியம் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய்த் தூங்கிவிட்டார். வாய்க்கால் உடைந்து வெள்ளம் களம் வரை வந்து, காய்கிற கொப்பரையில் பாதி நனைந்துவிட்டது. வயசானால் மறக்காதா? நானும்தான் மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுகிறேன்.

செப்டம்பர் 15, திங்கள்

கோயமுத்தூர் துப்பாக்கிக் கடைக்குப் போய் வந்தோம். நான்தான் காரை ஓட்டினேன். கடைக்காரர் பேர் தனிஸ்லாஸ். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. நாங்கள் உள்ளே போனதும் இவரைப் பார்த்து, "வாங்கய்யா, என்ன துப்பாக்கிங்க உங்களோடது?" என்றார்.

இவர் கையை என் பக்கம் காட்டினார். "அவங்களோடது."

தனிஸ்லாஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்டாங்கிச் சேலை, கையில் கூடை, கூடையில் அவருக்குக் கொடுக்கக் கொண்டுபோன இளநீர். பாவம், திகைத்துத்தான் போனார்.

"எத்தனை தூரத்துல இருந்து சுடற மாதிரி இருக்கும்மா?"

"அடுப்படியில இருந்து முன்னால ஆசாரக் கூடம் வரைக்கும்."

அதற்குப் பிறகு மனுஷன் ஒழுங்காக விளக்கினார். ஈயத் தோட்டா என்று ஒன்று. மூக்கு உருண்டையாக இருக்கும். பழைய துப்பாக்கிக்கு அதுதான் நல்லதாம், குழாயைத் தேய்க்காதாம். செம்பு உறை போட்டது இன்னொன்று. அது ஆள் மேல் பட்டு, ஆளைத் தாண்டி, பின்னால் யார் நின்றாலும் அவர் மேலும் பட வாய்ப்பிருக்கிறதாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தனைச் சுட்டால் ஒருத்தன்தான் சாக வேண்டும்.

சுபேதார் சொல்லியனுப்பியிருந்தார், தலையில் குழி விழுந்த தோட்டா ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது, உடம்பில் பட்டதும் பூ மாதிரி விரிந்து அங்கேயே நின்றுவிடும், அதைக் கேளுங்கள் என்று. கேட்டேன்.

"அது நமக்குக் கெடைக்காதுங்கம்மா. படத்துல வேணா காட்டறேன்" என்று ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். உளுந்து வடை மாதிரித்தான் இருந்தது.

இவர் நடுவில் இரண்டு தடவை, "எதுக்கு வந்தோம் அம்மிணி?" என்று என் காதில் கேட்டார். சலித்துப் போயிருப்பார். ஆம்பளைகளுக்குக் கடை என்றாலே சலிப்பு.

முடிவு செய்ய முடியாமல் ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். இளநீரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மைதிலி போன் செய்தாள். "தோட்டா வாங்கிட்டியாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்பா எப்படி இருக்காரு?" என்றாள்.

"அவருக்கென்ன, கல்லாட்டம் இருக்கறாரு."

அப்போது இவர் முற்றத்தில் நின்று ராமுவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ராமு எங்கள் நாய். செத்து நாலு வருஷம் ஆகிறது. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஈயத் தோட்டாவே வாங்கியாகிவிட்டது. ஒரு பெட்டி.

யோசித்து யோசித்து எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. புடவைக் கடையில்கூட நான் இத்தனை நேரம் எடுத்ததில்லை. செம்பு உறை போட்டது பளபளவென்று பார்க்க நன்றாக இருந்தது. தனிஸ்லாஸ், "அம்மா, உங்க துப்பாக்கிக்கு வயசாயிருச்சு. உங்க மணிக்கட்டுக்கும்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிவிட்டார். உதைப்பு குறைவாக இருக்கும், சத்தமும் அடங்கி வரும், வீட்டுக்குள் சுட ஏற்றது என்றார். சரி என்றேன். ஈயத்துக்கு என்ன குறைச்சல்? ரசத்துக்கு ஈயச் சொம்பு ஆகும்போது திருடனுக்கு ஈயத் தோட்டா ஆகாதா?

பணம் கட்டிவிட்டுத் திரும்பினால் இவரைக் காணோம். தெருக்கோடியில் ஒரு தேங்காய் வண்டிக்காரனிடம் காய் முற்றுகிற பக்குவம் சொல்லிக்கொண்டு நின்றார். "வூட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டுட்டு இருந்தாருங்க" என்றான் அவன். விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

அரிவாள், மண்வெட்டி, காய் உரிக்கிற கடப்பாரை, கார், மோட்டார், கடைசியில் ரிவால்வர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தேன். தேங்காய்ப் பொரிகடலைக்கு வந்த சுபேதார் பதறிவிட்டார். "அக்கா! குழாய் வாய்க்குள்ள சந்தனத்தை அடைச்சு வெச்சிருக்கீங்க! வெடிச்சா உங்க கையிலயே வெடிக்கும்!"

ஈர்க்குச்சியில் துணி சுற்றி அரைமணி நேரம் குடைந்து எடுத்தேன். சரஸ்வதிதான் மன்னிக்க வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

ரைபிள் கிளப்பில் சுட்டுப் பார்த்தேன். முதல் தோட்டா கூரையில். இரண்டாவது எங்கே போனது என்று அந்த வாத்தியாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மூன்றாவது அட்டையில் வரைந்திருந்த ஆளின் முழங்காலில். அப்புறம் கை பழகிவிட்டது. கடைசியாகச் சுட்டது நெஞ்சில் பட்டது.

எல்லாத் தோட்டாவும் அருமையாக வெடித்தது. ஒன்றுகூட மக்கர் செய்யவில்லை. வாத்தியார், "நல்ல சரக்குங்கம்மா, சரியாத்தான் பொறுக்கியிருக்கீங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வரும் வழியில் இவருக்கு மைசூர்பாகு வாங்கினேன்.

மிச்சத் தோட்டாவும் ரிவால்வரும் இரும்புப் பெட்டிக்குள். சாவி சாமி படத்துக்குப் பின்னால்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மைதிலி வந்திருந்தாள். இவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பலகாரம் தின்றுகொண்டே அவளிடம், "எந்தக் காலேஜ்ல படிக்கறே கண்ணு?" என்றார்.

அவளுக்கு நாற்பது வயது. பள்ளிக்கூடம் போகிற பையனுக்குத் தாய்.

மைதிலி என்னைப் பார்த்தாள். நான் முறுக்கு எடுத்துவர உள்ளே போய்விட்டேன். வெளியே சரவெடிச் சத்தம். அந்தச் சத்தத்தில் யார் என்ன கேட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? வேறு ஏதாவது கேட்டிருப்பார்.

போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொங்கலுக்குள்ளம்மா" என்றாள். "திருடன் வந்தா நான் பாத்துக்கறேன் போ" என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

காப்பியில் உப்பு. இவர் போட்டது. ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று எழுத முடியவில்லை.

நவம்பர் 19, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்று மத்தியானத்திலிருந்து நல்ல மழை. சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. இவர் உள்ளறையில் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் ஆசாரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் மாடு கத்திற்று. அடுப்படிப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கூப்பிட்டால் சுபேதாருக்குக்கூட கேட்காது, அப்படி மழை.

பெட்டியைத் திறந்து ரிவால்வரை எடுத்தேன். தோட்டா போட்டேன். கை நடுங்கவில்லை, அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

தலையில் சாக்கை மடித்துக் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தன் அடுப்படி வாசலில் நின்றான். கையில் அரிவாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்.

"யாரது? நில்லுடா அங்கயே! சுட்டுப்போடுவேன்!"

என்னைப் பார்த்துக்கொண்டே முன்னால் வந்தான். சார்ஜர் விளக்கில் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணுக்கு என்னை யாரென்றே தெரியவில்லை.

நான் விசையை இழுத்தேன். டிக் என்றது. மறுபடி இழுத்தேன். மறுபடியும். டிக், டிக். கிளப்பில் அத்தனை அழகாக வெடித்தது ஒன்றுமே வெடிக்கவில்லை.

சாக்கு நழுவிக் கீழே விழுந்தது. இவர்.

மழையில் தோப்புக்குள் எப்போது போனார், எதற்குப் போனார், தெரியாது. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் முகம் தெளிந்தது. "ஏ அம்மிணி, இன்னும் காப்பி ஆகலையா?" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனின் நெஞ்சைப் பார்த்து நான் சுட்டிருக்கிறேன். மூன்று தடவை. எந்த ஜென்மத்துப் புண்ணியமோ. துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டி, காப்பி போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் குடித்தோம்.

நவம்பர் 20, வியாழன்

இன்று காலையிலிருந்து எனக்கு ஆத்திரம் வேறு. அது எப்படி வெடிக்காமல் போகும்? கடை கடையாக ஏறி இறங்கி, சுபேதார் பேச்சையெல்லாம் சகித்துக்கொண்டு, பொறுக்கிப் பொறுக்கி வாங்கியது! நிஜமாகவே திருடன் வந்திருந்தால்? தனிஸ்லாசை நாளைக்கு ஒரு கை பார்க்கிறேன்.

அப்புறம் நினைத்துப் பார்க்கிறேன். வெடித்திருந்தால்?

தனிஸ்லாஸ் காலில் விழுந்து கும்பிடவா, சட்டையைப் பிடித்து உலுக்கவா என்று தெரியவில்லை. போய்ப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

நவம்பர் 21, வெள்ளி

கடையில் நான் சத்தம் போட்டேன். ஆமாம், போட்டேன். ரிவால்வரையும் தோட்டாப் பெட்டியையும் மேஜைமேல் வைத்து, "இதுதான் நீங்க குடுத்த நல்ல சரக்கா?" என்றேன். இவர் பக்கத்து ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தனிஸ்லாஸ் ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். இன்னொன்றை எடுத்தார். அதையும் மோந்தார்.

"அம்மா, நாப்பது வருசமா கடை வெச்சிருக்கேன். மழையில நனைஞ்ச தோட்டா பாத்திருக்கேன். அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சது பாத்திருக்கேன். தேங்காய் எண்ணெய்ல ஊறப்போட்டதை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மருந்துக்குள் எண்ணெய் இறங்கிவிட்டால் பொறி பிடிக்காதாம், அத்தனையும் செத்துப்போய்விட்டதாம். எங்கள் வீட்டில் சுவரும் கொப்பரை வாசம், தலையணையும் எண்ணெய் வாசம். தோட்டாவில் வாசம் அடித்தால் எனக்கு எங்கே தெரியப் போகிறது?

புதுப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். காரில் ஏறியதும் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, வடகமா அது, எண்ணெய்ல போட? துருப் புடிச்சுரும்னு போட்டீங்களா? ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கக் கூடாதா? அந்தாளு முன்னாடி மானமே போச்சு!"

வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கிணத்துக்கடவு தாண்டியிருப்போம்.

"தெரிஞ்சுதான் அம்மிணி போட்டேன்" என்றார்.

"என்னத்தைத் தெரிஞ்சு?"

"வெடிக்கக் கூடாதுன்னுதான்."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன்.

"தீவாளி முடிஞ்சு ஒரு நாள் காலையில எந்திரிச்சு வந்தேன். அடுப்படியில யாரோ பொம்பளை நிக்கறா. நம்ம வூட்டுக்குள்ள எவளோ பூந்துட்டாளேன்னு எனக்குக் கோவம். சித்த நேரம் கழிச்சுத்தான் நீயின்னு தெரிஞ்சுது." அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாம் மறந்து போகுது அம்மிணி. ராமு செத்தது மறந்து போகுது, மோட்டார் போட்டது மறந்து போகுது. அந்தப் பொட்டிச் சாவி எங்க இருக்குதுங்கறது மட்டும் மறக்கவே மாட்டேங்குது. நான் என்ன பண்றது, சொல்லு."

நான் அழுதேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். லாரிக்காரன் ஒருத்தன் நிறுத்தி, "என்னாச்சுங்கம்மா, வண்டி நின்னு போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இந்த மனுஷன் தனியாக உட்கார்ந்து இத்தனையும் யோசித்திருக்கிறார். நான் பக்கத்திலேயே இருந்துகொண்டு, வயசு, சலிப்பு, வெடிச் சத்தம் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாமலா? எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயம்.

காரைத் திருப்பினேன். தனிஸ்லாஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ரிவால்வரையும் புதுப் பெட்டியையும் அவரிடமே ஒப்படைத்தேன். சட்டப்படி கடையிலேயே வைத்துக்கொள்ளலாமாம்.

அங்கிருந்தே மைதிலிக்குப் போன் செய்தேன். "கண்ணு, உங்கப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றாள். "ஆடியில இருந்தே தெரியும். போன்ல எங்கிட்ட ஒரே விசயத்தை நாலு தடவை கேப்பாரு."

"அப்புறம் எதுக்குடி திருடன் திருடன்னே?"

"அப்பாவுக்கு மறதின்னு சொல்லியிருந்தா நீ மொதல்ல என்னையத்தான் சுட்டிருப்பே."

அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே வருகிறோம் என்றேன். டாக்டரிடம் அவள் நேரம் வாங்கிவிட்டாள். காய் போடுவதையும் மாட்டையும் சுபேதார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உருளைக்கிழங்கைக் காப்பாற்றியவர், தேங்காயைக் காப்பாற்ற மாட்டாரா?

துணி எடுத்து வைத்தாகிவிட்டது. தோப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். இவர் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். எந்த நினைவு வந்திருக்கிறது, எது போயிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏ அம்மிணி, மூணு தடவை இழுத்தியா?"

"ஆமாங்க."

"மூணுமே வெடிக்கலையா?"

"இல்லீங்க."

இவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"கடை எண்ணெயா இருந்திருந்தா ஒண்ணாச்சும் வெடிச்சிருக்கும். இது நம்ம காயி, நம்ம செக்குல ஆட்டுனது."